வீட்டையும் பார்த்துக்கொண்டு ஒரே மாதத்தில் ஃபேன்டஸி நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாதத்தில் நாவல் எழுதுவது என்று மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு முறை முடித்தேன். ஒரு முறை பத்தொன்பதாம் நாளில் நின்றுபோனது. மூன்று முறையும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், உடம்பு முடியாத மாமியார், வேலைக்குப் போய்வரும் கணவர் எல்லோரும் இருந்தார்கள். எனக்கும் அரைநாள் வேலை. இதைத் தெரிந்துகொண்ட நண்பர்களும் உறவுக்காரர்களும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிவைத்துப் பதிலும் சேர்த்திருக்கிறேன்.

ஒரே மாசத்துல நாவலா? நிஜமாவே முடியுமா?

முதல் வரைவு முடியும். அச்சுக்குப் போகிற நாவல் முடியாது. வரைவு என்றால், கதை தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு தடவை ஓடி முடிந்திருக்கும், அவ்வளவுதான். நடுவில் ஓட்டைகள் இருக்கும். ஒருத்தியின் பெயர் ஏழாம் அத்தியாயத்தில் மாறியிருக்கும். பெரிய போர் ஒன்று இரண்டே வரியில் முடிந்திருக்கும். என் முதல் வரைவு 30 நாளில் முடிந்தது. அதைத் திருத்தப் பதினான்கு மாதம் பிடித்தது.

அப்படியானால் எதற்கு அவசரம் என்று கேட்பீர்கள். ஃபேன்டஸி, அதாவது மிகுபுனைவு எழுத ஆசைப்படுகிறவர்களில் பலர் வருடக்கணக்காக உலகத்தை யோசித்துக்கொண்டே இருப்பார்கள். ராஜவம்சப் பட்டியல் இருக்கும், மூன்று நிலவுகளுக்கும் பெயர் இருக்கும், கதை மட்டும் இருக்காது. நானும் ஆறு வருடம் அப்படி இருந்தேன். ஒரு மாதக் கெடு அந்த யோசனையைக் காட்சியாக மாற்றிவிடுகிறது. கையில் ஒரு கதை வந்த பிறகுதான் அது நல்ல கதையா என்று பார்க்கவே முடியும்.

இந்த 30 நாள் கணக்கை யார் ஆரம்பிச்சாங்க?

1999 ஜூலையில் அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவரும் அவருடைய நண்பர்களுமாக 21 பேர் ஆளுக்கொரு நாவல் எழுதிப் பார்ப்பது என்று இறங்கினார்கள். மறு ஆண்டு அதை நவம்பருக்கு மாற்றினார்கள். 30 நாள், 50,000 சொல் என்ற கணக்கு அங்கிருந்து பரவியதுதான். 'நேஷனல் நாவல் ரைட்டிங் மந்த்' (தேசிய நாவல் எழுதும் மாதம்) என்பதை நானோரைமோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதை நடத்திவந்த அமைப்பு 2025-இல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது.

எழுத அமைப்பும் தேவையில்லை, நவம்பரும் தேவையில்லை. வீட்டில் பரீட்சை, கல்யாணம், அலுவலக ஆண்டு இறுதிக் கணக்கு எதுவும் இல்லாத மாதமாகப் பாருங்கள். ஒன்றாம் தேதியில்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை.

50,000 வார்த்தைன்னா தமிழுக்கும் அதே கணக்கா?

இல்லை. அது ஆங்கிலத்துக்கு வைத்த எண். தமிழில் ஒரே சொல் நிறையச் சுமக்கும். 'வரமுடியாதவர்களுக்காகவும்' என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறேழு சொல் ஆகும். அதனால் 50,000 தமிழ்ச் சொல் என்பது ஆங்கிலத்தின் 50,000-ஐவிட நன்றாகவே பெரிய நாவல். இது தெரியாமல் முதல் தடவை 50,000-ஐ வைத்துக்கொண்டு, கடைசி வாரம் தூக்கமே இல்லாமல் கிடந்தேன்.

இன்னொரு சிக்கல், எண்ணிக்கையே நாம் எப்படி இடம் விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 'வந்துகொண்டிருந்தபோது' என்று சேர்த்தால் ஒன்று. 'வந்து கொண்டிருந்த போது' என்று பிரித்தால் மூன்று. அதனால் சொல் எண்ணிக்கையைத் தோராயமான அளவாக மட்டும் வைத்துக்கொண்டு, காட்சிகளை எண்ணுங்கள். நான் இப்போது வைப்பது 36 காட்சி, காட்சிக்குச் சுமார் 1,000 சொல். ஆக 36,000. முழுக் கதைக்கு அது தாராளமாகப் போதும்.

எனக்கு நேரமே இல்லையே. எப்ப எழுதறது?

36,000-ஐ 30-ஆல் வகுக்காதீர்கள். 24-ஆல் வகுங்கள். நாளுக்கு 1,500 வரும். மீதி ஆறு நாள் காய்ச்சலுக்கும் விருந்தாளிக்கும் வெறும் களைப்புக்கும். அந்த ஆறு நாளை முதலிலேயே கணக்கில் விட்டுவைக்காதவர்கள், முதல் நாள் தவறியதுமே தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

1,500 சொல் என்பது ஒரே மூச்சில் எழுத வேண்டியதல்ல. அரை மணி நேரம் மூன்று முறை. ஆன்டனி டிரோலப் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அஞ்சல் துறையில் முழுநேர வேலை பார்த்தவர். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதியதாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். அரை மணிக்கு 500. கதை அடுத்து எங்கே போகிறது என்று தெரிந்திருந்தால் நமக்கும் அந்த வேகம் வரும். அதே சுயசரிதையில் இன்னொன்றும் இருக்கிறது: காலையில் தன்னை எழுப்பிவிடுவதற்கென்றே ஒரு வேலையாளுக்குத் தனியாகப் பணம் கொடுத்திருக்கிறார்; தன் வெற்றியில் அவருக்கு நிறையப் பங்கு உண்டு என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு அடுத்த கேள்விக்கான பதில் கிடைத்தது.

வீட்டுல எப்படிச் சொல்றது? சிரிப்பாங்களோன்னு இருக்கு.

சொல்லிவிடுங்கள். நின்றுபோன என் இரண்டாவது தடவை, யாரிடமும் சொல்லாமல் எழுதிய தடவைதான். முதல் வரைவே இன்னும் திருத்தி முடியவில்லையே என்ற கூச்சம். வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. தெரியாததால் யாரும் நேரம் விட்டுத்தரவும் இல்லை. நான் மட்டும் நாளுக்கு நாள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவர்களுக்குக் காரணமே புரியவில்லை.

மூன்றாம் தடவை, தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லோரும் இருக்கும்போது உட்கார்ந்து சொன்னேன். 'எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்' என்று மொட்டையாகச் சொன்னால் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். மணியும் வேலையும் சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்டது இது: 'ராத்திரி ஒன்பதுலேருந்து பத்தரை வரைக்கும் பாத்திரம் கழுவறதும் சின்னவனைத் தூங்கவைக்கறதும் உங்க பொறுப்பு. முப்பது நாளைக்கு மட்டும். அடுத்த மாசம் அந்த ஒன்றரை மணி நேரம் உங்களோடது.' கணவர் நாட்காட்டியில் கடைசி நாளை வட்டம் போட்டுக்கொண்டு சரி என்றார். கேட்கும்போதே முடிவு நாளும், திருப்பிக் கொடுப்பதும் சேர்ந்து இருந்ததுதான் ஒத்துக்கொள்ளச் சுலபமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

பிள்ளைகளுக்குக் காகித வளையங்களால் 36 கண்ணிச் சங்கிலி ஒன்று செய்து சுவரில் மாட்டினோம். ஒரு காட்சி முடிந்தால் ஒரு கண்ணியைக் கிழிப்பது சின்னவன் வேலை. மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து காலையில் மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் 'எத்தனை கிழிச்சான்?' என்று கேட்க ஆரம்பித்தார்.

எழுத உட்காந்தா பிள்ளை கூப்பிடுது. எழுந்து போய்ட்டு வந்தா ஓட்டமே போயிடுது.

எழுந்து போகத்தான் வேண்டும். அதை மாற்ற முடியாது. திரும்பி வரும்போது சட்டென்று தொடர ஒரு பிடி விட்டுவிட்டுப் போங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். வீட்டில் எழுதுகிறவர்களுக்கு அதை இன்னும் சின்னதாக்கி, வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்தச் சொல்வேன். என் நோட்டில் கதாநாயகி செவ்வி வரும் ஒரு பக்கம் 'படகு கரை தட்டியது. செவ்வி இறங்குவதற்குள்' என்று நிற்கிறது. அதன் கீழே சின்னவன் இழுத்த பச்சை மெழுகுக் கோடு. அன்று அவனுக்கு வயிற்று வலி. இரண்டு மணி நேரம் கழித்து வந்து, மேலே எதையும் படிக்காமல், அந்த 'இறங்குவதற்குள்'-ஐ முடித்தேன். முழு வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் முந்தைய இரண்டு பக்கத்தையும் படித்து, திருத்தி, அப்படியே அரை மணியைத் தொலைத்திருப்பேன்.

இன்னொன்று: எல்லா வேலைக்கும் அமைதி தேவையில்லை. உரையாடலைச் சத்தத்தின் நடுவிலும் எழுத முடிகிறது. யாருமற்ற காட்டில் ஒருத்தி நடந்துபோகிற காட்சிக்குக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்தக் காட்சி எந்த நேரத்துக்கு என்று காலையிலேயே பிரித்துக்கொண்டால், கதவைச் சாத்திக்கொள்ளக் கிடைத்த நேரத்தை உரையாடலில் வீணாக்க மாட்டீர்கள்.

உலகத்தை முழுசா உருவாக்கிட்டுத்தானே ஆரம்பிக்கணும்? எனக்கு வரைபடமே இன்னும் முடியல.

ஒரு பக்கம் போதும். கதாநாயகி கால் வைக்கிற இடங்கள், அந்த ஊரில் யார் சொன்னால் நடக்கும், எது குற்றம், மக்கள் எதற்குப் பயப்படுகிறார்கள். இவ்வளவு தெரிந்தால் முதல் காட்சியை எழுதிவிடலாம். அவள் போகாத வடக்கு மலைக்கு ஆறு வேண்டாம்.

எழுதும்போது தெரியாத விஷயம் வந்தால் நிற்காமல் ஒரு குறி போட்டுத் தாண்டுங்கள். நான் ## போடுவேன்: '## கோட்டைக் கதவு எதனால் ஆனது?' கதையில் வேறெங்கும் வராத குறியாக இருந்தால், பிறகு தேடினால் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். கைபேசியில் தகவல் தேடப் போகவே போகாதீர்கள். வாள் வார்ப்பது எப்படி என்று பார்க்கப் போன அரை மணி திரும்பி வராது.

மந்திரத்துக்கு விதியெல்லாம் வேணுமா? மந்திரம்னாலே எதுவும் நடக்கலாம்தானே?

எதுவும் நடக்கலாம் என்றால் வாசகருக்குப் பயம் போய்விடும். எந்த ஆபத்தையும் ஒரு மந்திரம் துடைத்துவிடும் என்று தெரிந்த பிறகு அவர் ஏன் பதற வேண்டும்? மந்திரம் என்ன தரும் என்பதை அரை வரியில் எழுதுங்கள். அதற்கு என்ன பறிபோகும் என்பதில் நேரம் செலவிடுங்கள். அந்த இழப்பிலிருந்துதான் காட்சிகள் பிறக்கின்றன, அதுவும் மாதத்தின் நடுவில் என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது.

என் மூன்றாவது வரைவை வைத்தே சொல்கிறேன். ஆற்றில் ஒரு கிழட்டு நாகம். அதனிடம் நிழலை அடகு வைத்தால் ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சொல்லும். ஆனால் நிழல் இல்லாதவரின் முகம் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. செவ்வி என்கிற படகோட்டி, காணாமல்போன தம்பியைத் தேட நிழலை வைக்கிறாள். தம்பி இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போனால் அம்மாவுக்கு இவளைத் தெரியவில்லை. இந்த ஒரே விதியிலிருந்து பதினோரு காட்சி வந்தது.

இதைச் சாப்பிடும்போது பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு வயதுச் சின்னவன் கேட்டான்: 'விளக்கை அணைச்சா யாருக்குமே நிழல் இல்லையேம்மா, அப்ப எல்லாரையும் எல்லாரும் மறந்துடுவாங்களா?' எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. விளக்கு அணையக்கூடாத நகரம், அதற்கெனக் காவலர்கள், கடைசியில் செவ்வி ஊரின் எல்லா விளக்குகளையும் அணைக்கிற இரவு, அத்தனையும் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். விதியை வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓட்டையை அவர்கள் கண்டுபிடிப்பார்கள். பல நேரம் அந்த ஓட்டையே உங்கள் உச்சக்காட்சி.

பாத்திரங்கள் எந்தத் தமிழ்ல பேசணும்? பேச்சுத்தமிழ்ல எழுதினா ஃபேன்டஸி மாதிரி இல்ல, செந்தமிழ்ல எழுதினா நாடகம் மாதிரி இருக்கு.

இது நியாயமான தவிப்பு. தமிழில் மிகுபுனைவு எழுதுகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே இதில் முட்டிக்கொள்கிறார்கள். பேச்சுத்தமிழ் என்று எடுத்தால் அது ஏதோ ஒரு வட்டாரத்தின் தமிழாகத்தான் இருக்கும். கற்பனை ஊருக்குள் நிஜ ஊர் நுழைந்துவிடும். 'யாதொன்றும் அறியேன்' என்று எழுதினால் பாத்திரம் மேடையேறி நின்றுவிடும்.

எனக்கு ஒத்துவந்தது, எளிய எழுத்துத் தமிழில் குட்டைக் குட்டை வாக்கியங்கள். 'எனக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.' இது எந்த ஊர்த் தமிழும் இல்லை, நாடகமும் இல்லை. வித்தியாசத்தை விகுதியில் காட்டாமல் விளியில் காட்டுங்கள்: யார் யாரை நீ என்கிறார், யாரை நீங்கள் என்கிறார், அக்கா என்கிறாரா, பட்டத்தைச் சொல்கிறாரா. உங்கள் உலகத்தில் மூத்தவரை நீ என்று கூப்பிடுவது மரியாதை என்று வைத்தால்கூட வாசகர் ஏற்றுக்கொள்வார், முதல் காட்சியிலிருந்தே அப்படி இருந்தால். இதை எழுதத் தொடங்கும் முன் முடிவு செய்துவிடுங்கள். இதற்கு ## போட்டுத் தாண்ட முடியாது. பிறகு மாற்றினால் ஒவ்வொரு வினைச்சொல்லையும் மாற்ற வேண்டிவரும்.

பேசற நாகத்தை 'அது'ன்னு எழுதறதா, 'அவர்'னு எழுதறதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தொல்காப்பியப்படி மக்கள் மட்டுமே உயர்திணை. நன்னூல் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டிலும் நாகம் அஃறிணைதான், என்ன ஞானம் பேசினாலும். ஆனால் மகிழ்ச்சி, உயர்வு, கோபம், இழிவு போன்ற காரணத்தால் திணை மாறிப் பேசுவதை நன்னூலே ஏற்கிறது. தன் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது உரையில் வருகிற உதாரணம்.

இந்த இடைவெளி மிகுபுனைவு எழுதுகிறவருக்குப் பெரிய சொத்து. கதைசொல்லி 'அது' என்றே சொல்லட்டும். நாகத்தை மதிக்கிற பாத்திரம் எந்த வரியில் 'அவர்' என்று மாறுகிறது என்பதே ஒரு திருப்பம். விளக்கமே எழுத வேண்டாம். ஒரு சின்னத் தொல்லை உண்டு. 'நாகம் சிரித்தார்' என்று எழுதினால் காதில் உறுத்தும். அதற்கு ஒரு பட்டப்பெயர் கொடுங்கள். என் கதையில் ஊரார் அதை ஆற்றுப் பெரியவர் என்பார்கள். 'பெரியவர் சிரித்தார்' என்றால் ஒரு உறுத்தலும் இல்லை.

பேர் வைக்கறதுக்கே ஒரு நாள் போயிடுது. என்ன பண்றது?

தற்காலிகப் பெயர் வைத்து ஓடுங்கள். ஆனால் அது உண்மைப் பெயர் முடியப்போகிற ஓசையிலேயே முடியட்டும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. 'மாலனை', 'மாலனுக்கு' என்று எழுதியதைப் பிறகு மொத்தமாகத் தேடி மாற்றும்போது 'வேலன்' என்றால் தப்பித்தீர்கள். 'செவ்வி' என்று மாற்றினால் ஒவ்வொரு இடமும் உடையும். ஊர்ப் பெயரும் இப்படித்தான். 'ம்' என்று முடிகிற ஊர் 'புரத்தில்', 'புரத்துக்கு' என்று திரியும்; 'ஊர்' என்று முடிந்தால் 'ஊரில்', 'ஊருக்கு' என்று வரும். மாற்றப்போகிற பெயர் எந்த எழுத்தில் முடியும் என்று மட்டும் இப்போதே தீர்மானியுங்கள்.

எனக்கு டைப்பிங் ரொம்ப மெதுவு. கையால எழுதலாமா? பேசி எழுதவைக்கலாமா?

எது பயமில்லாமல் வருகிறதோ அது. நான் பகலில் கிடைக்கிற துண்டு நேரங்களில் நோட்டிலும் இரவில் கணினியிலும் எழுதுகிறேன். என் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு 130 சொல் வருகிறது. உங்களுடையதை இரண்டு பக்கம் எண்ணிச் சராசரி பார்த்துக்கொள்ளுங்கள். கணினியில் தமிழ்99 விசைப்பலகையை ஒரு மாதம் முன்பே பழகிவைத்தால் நல்லது. உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும் வரும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். எழுதும் மாதத்தில் புதிதாகப் பழகாதீர்கள். ஒற்றுப் பிழை பார்க்கவும் நிற்காதீர்கள்.

பேசி எழுதுவது புதிதல்ல. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1866 அக்டோபரில் கடுமையான ஒப்பந்தக் கெடுவில் மாட்டிக்கொண்டு, அன்னா என்ற சுருக்கெழுத்தாளருக்குச் சொல்லச் சொல்ல 26 நாளில் ஒரு சிறிய நாவலை முடித்தார். கைபேசி அன்னாவாகாது. நிறுத்தற்குறிகளைக் கோட்டைவிடும், கற்பனைப் பெயர்களைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும். அதற்குத்தான் மேலே சொன்ன எளிய தற்காலிகப் பெயர். துணி மடிக்கும்போது உரையாடல்களைப் பேசிப் பதிவதற்குக் கைபேசி நன்றாகவே உதவுகிறது.

நேத்து எழுதினதைக் காலைல படிச்சா அழுகையா வருது. திருத்திட்டுத் தொடரலாமா?

படிக்காதீர்கள். கடைசி ஐந்து வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தொடருங்கள். முதல் அத்தியாயத்தை நான்கு நாள் இழைத்தவர்கள், கதை முடிந்ததும் அந்த அத்தியாயமே வேண்டாம் என்று வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். நானும் வெட்டியிருக்கிறேன். முடிவு தெரியாமல் தொடக்கத்தைத் திருத்த வழியில்லை.

பாதியில கதை வேற பக்கம் போயிடுச்சு. ஆரம்பத்துலேருந்து மாத்தணுமா?

வேண்டாம். புதிய வழி நன்றாக இருந்தால், முதலிலிருந்தே அப்படித்தான் எழுதியிருந்ததுபோல நினைத்துக்கொண்டு முன்னால் போங்கள். மாறிய இடத்தில் ஒரு ## வரி: '## இனிமேல் தம்பி உயிரோடு இருக்கிறான். 4, 9-ஆம் காட்சிகளை மாற்ற வேண்டும்.' சின்னவனின் விளக்குக் கேள்வி வந்தது பதினான்காம் நாள். அதற்கு முன் எழுதிய காட்சிகளில் ஊர் இரவில் இருட்டாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

வீட்டுல எல்லாருக்கும் காய்ச்சல். பத்து நாள் எழுதல. இதோட விட்டுடறதா?

ஆறு நாள் வரை தவறினால் கணக்கிலேயே இடமிருக்கிறது. மேலே சொன்ன 24 நாள் கணக்கு அதற்குத்தான். பத்து நாள் என்றால் சொல் இலக்கை விரட்டாதீர்கள். மீதிக் காட்சிகளை ஒரு தாளில் எழுதி, இது இல்லாமல் முடிவுக்குப் போக முடியாது என்பவற்றுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். பதினெட்டு காட்சி பாக்கியிருந்தால் வட்டம் ஒன்பது பத்துக்கு மேல் விழாது. அவற்றை முழுதாக எழுதுங்கள். மற்றதற்குக் காட்சிக்கு மூன்று வரிச் சுருக்கம்.

அதுவும் முடியாவிட்டால் கடைசிக் காட்சியை மட்டுமாவது எழுதிவிடுங்கள். நின்றுபோன என் இரண்டாவது வரைவில் இதைச் செய்யாமல் போனேனே என்று இன்றுவரை வருத்தம். அதைத் திறந்து பார்க்கும்போது, யாருக்காக அந்தக் கோட்டைக்குள் போனார்கள் என்பதே எனக்கு நினைவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில் எழுத்து நின்றால் அது நிற்க வேண்டிய நேரம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைங்களை விட்டுட்டு இதுல உட்கார்றது தப்போன்னு தோணுது.

எனக்கும் தோன்றியது. பெரியவள் ஒருநாள் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்க வந்து, கதவருகிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப்போனாள். மறுநாள் நான் கேட்டபோதுதான் சொன்னாள். அன்றிலிருந்து எழுதும் நேரத்துக்கு முன்னால், எட்டரையிலிருந்து ஒன்பது வரை அவளுடைய நேரம் என்று வைத்தோம். அந்த அரை மணியில் நான் கதையைப் பற்றிப் பேசவும் மாட்டேன், நோட்டைக் கையில் வைத்திருக்கவும் மாட்டேன். உறுத்தல் எதனால் என்று குறிப்பாகப் பாருங்கள். எதையோ உண்மையிலேயே விட்டிருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். எதையும் விடாமலேயே உறுத்துகிறது என்றால், வீட்டாரிடம் நீங்கள் கேட்டு, அவர்கள் மனமொப்பிக் கொடுத்த நேரம் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கதையில வர்ற கிழவி நான்தானேன்னு யாராவது கேட்டா?

கேட்பார்கள். வரைவில் யார் சாயல் வந்தாலும் தடுக்காமல் எழுதுங்கள், ஆனால் அந்த மாதம் யாருக்கும் படிக்கக் கொடுக்காதீர்கள். திருத்தும்போது வயதை, வேலையை, பேசும் விதத்தை மாற்றினால் பாதிச் சாயல் போய்விடும். மீதி இருப்பது அன்பான சாயல் என்றால் விட்டுவிடலாம். புண்படுத்தும் என்றால், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். என் மாமியார் அப்படிக் கேட்டபோது, விளக்குக் காவல்காரக் கிழவியின் இருமல் மட்டும் உங்களுடையது அத்தை என்று உண்மையைச் சொன்னேன். அந்தக் கிழவி சாகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். சாகவில்லை.

முடிச்சதும் முதல்ல என்ன செய்யணும்?

வாங்கிய நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த நாள் இரவு ஒன்பது மணிக்குப் பாத்திரம் என் கையில் இருந்தது. கணவர் ஒன்றரை மணி நேரம் தன் நண்பர்களோடு பந்து விளையாடப் போனார். சொன்னபடி ஒரு மாதம் முழுக்க அப்படி நடந்தால்தான் அடுத்த தடவை கேட்க வாய் வரும்.

வரைவை ஆறு வாரம் திறக்காதீர்கள். திறக்கும் நாளில் முதல் வாக்கியத்தைத் திருத்தத் தொடங்காமல், ## குறிகளை மட்டும் தேடி ஒரு நோட்டில் எழுதுங்கள். என்னுடையதில் 143 இருந்தன. பாதிக்கு மேல் பெயரும் பொருளும் சம்பந்தப்பட்டவை; அவற்றைத் துண்டு நேரத்திலேயே தீர்த்துவிடலாம். 'இனிமேல்' என்று தொடங்குகிறவற்றைத் தனியாகப் பிரியுங்கள். அவைதான் கதை திரும்பிய இடங்கள். திருத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.